பரேலில் தொடங்கிய ஒரு படிப்பு

தன் கையால் ஒரு கவளம் எடுத்து உண்பதை நாம் ஒரு செயலாகவே எண்ணுவதில்லை. பக்கவாதம் வலக்கையை முடக்கிய பிறகுதான் அது எத்தனை பெரிய காரியம் என்பது விளங்குகிறது. மருத்துவம் உயிரை மீட்டுத் தந்துவிடுகிறது. மீட்ட உயிரோடு நாளைக் காலை எப்படிக் குளிப்பது, எப்படி உடுப்பது என்ற கேள்வி நோயாளியிடமே மிஞ்சுகிறது. அந்தக் கேள்வியைத் தன் பொருளாகக் கொண்ட துறை ஆக்குபேஷனல் தெரபி. 'தொழில்வழிச் சிகிச்சை' என்று தமிழில் சொல்லும்போது பிழைப்புக்கான கைத்தொழில் என்று மயங்க இடமுண்டு. ஒருவரின் பகலை நிரப்பும் யாவும் இங்கே தொழில்தான்.

இத்துறைக்கான சங்கம் 1917 மார்ச்சில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தது. அதைக் கூட்டியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர், இடப்பக்கம் செயலிழந்தவர். நோயாளி ஒருவரே தொடங்கிவைத்த துறை என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

இந்தியாவுக்கு அது வந்து சேர்ந்தது ஒரு பெண்மணியின் வழியாக. 1900இல் அமெரிக்காவில் க்வேக்கர் குடும்பத்தில் பிறந்த எலிசபெத் லண்டி, விஷ்ணு நிம்ப்கரை மணந்து, கமலா நிம்ப்கராகி இங்கே குடியேறினார். நாற்பதுகளில் மீண்டும் தாய்நாடு சென்று, நடுவயதில் மாணவியாக அமர்ந்து இக்கலையைக் கற்றார். 1950இல் பம்பாய் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கம் உருவாயிற்று. அவரே முதல் தலைவர். அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பு தோன்றியபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆன நாடு!

இத்துறையின் துணைக்கருவிகள் பார்வைக்கு அற்பமானவை. விரல் மடங்காதவருக்குக் காம்பு தடித்த கரண்டி; பிடிக்கவே இயலாதவருக்கு உள்ளங்கையைச் சுற்றிக் கட்டி அதில் கரண்டியைச் செருகும் பட்டை; குனிய முடியாதவருக்கு நீண்ட கைப்பிடி. ஆனால் மேசையும் நாற்காலியுமாக வாழ்கிறவர்களுக்கு வகுத்த கருவி, தரையில் சம்மணமிட்டுக் கையால் பிசைந்து உண்பவருக்கு எவ்வாறு பொருந்தும்? குந்தி அமரும் கழிப்பிடத்துக்கும் புடவைக் கொசுவத்துக்கும் அயல்நாட்டுப் பட்டியலில் விடை இல்லை. வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த கைகளை அறுவை செய்து சீராக்கினார். அந்தக் கைகள் மறுபடி புண்படாமல் வேலை செய்ய, 'நவஜீவ நிலையம்' அமைந்தது. சுடுவதை அறியாத கைக்குச் சூடேறாத மரப்பிடி வேண்டும். அதுவும் ஒரு துணைக்கருவியே. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் புகழ்பெற்றதும் இதே காரணத்தால்தான்: அதை அணிந்தவர் குந்தி அமரலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம்.

வாங்கிய கருவி பரணில் கிடக்கிறதென்றால், 'முயற்சி போதாது' என்று நோயாளியையே நாம் குறை சொல்கிறோம். அவர் எப்படி அமர்கிறார், யாரோடு உண்கிறார் என்று கேட்காமல் கொடுத்தவரின் பிழை அது. அப்படிக் கேட்பதற்கென ஆட்களைப் பயிற்றுவித்ததே கமலா நிம்ப்கரின் தலைமைக்கு அடையாளம் என்போம். கருவி பழசாகும், கேட்கப் பழகியவர் அடுத்தவருக்கு வேறொன்றைச் செய்து கொடுப்பார்.

அவர் 1979இல் மறைந்தார். தொழில்வழிச் சிகிச்சையாளர்களையும் உள்ளடக்கி, மருத்துவம் சார்ந்த பணிகளுக்கான தேசிய ஆணையத்தை அமைக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2021இல். பரேலில் முதல் வகுப்பு தொடங்கி அதற்குள் எழுபத்தோரு ஆண்டுகள் சென்றிருந்தன. இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒருவர் கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கித் தந்திருப்பார்; வேறு யாரோ ஒருவர், பிறர் ஊட்டாமல், தம் சோற்றைத் தாமே உண்டிருப்பார். அவர்கள் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. கமலா நிம்ப்கரின் பெயரையாவது நாம் அறிந்திருக்கலாம்.