என்ன படிக்கலாம்? – நூறாண்டில் விரிந்த பல்கலைக்கழக வழிகள்

நம் பாடசாலையின் நூறு ஆண்டுகளும் இந்நாட்டுப் பல்கலைக்கழகக் கல்வியின் நூறு ஆண்டுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. 1921இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. ஆனால் தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த குருவிட்டவின் லயங்களிலிருந்து அக்கல்லூரிக்குப் போகும் வழி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தோட்டப் பள்ளி எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்து, பிள்ளையைக் கொழுந்து மலைக்கோ பால்வெட்டுக்கோ அனுப்பியது. கல்லூரியோ இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது.

பெண்களுக்கு வழி இன்னும் குறுகியது. 1870இல் 25 மாணவருடன் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பாடசாலை, 1892இல்தான் பெண்களைச் சேர்த்தது. 1942இல் மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. 1950இல் பொறியியற் கல்வி சேர்ந்தது. துறைகள் இவ்வாறு பெருகிய அதே காலத்தில் நம்மவர் பின்தள்ளப்பட்டனர். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர் ஆக்கியது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

பின்னர் பல்கலைக்கழகமே நம் மாவட்டத்துக்கு வந்தது. நம் ஊர் வழியே செல்லும் கொழும்பு – மட்டக்களப்பு வீதியில், பெலிஹுல்ஓயாவில், 1995இல் சப்ரகமுவ பல்கலைக்கழகம் உருவானது. விவசாயம், நில அளவை விஞ்ஞானம், உணவு விஞ்ஞானம், சுற்றுலா முகாமைத்துவம் எனப் பல துறைகள் அங்குள்ளன. அண்மைய ஆண்டுகளில் அதன் மருத்துவ பீடமும் இரத்தினபுரியில் தொடங்கியது.

எனினும், துறையைத் தேர்ந்தெடுக்கும் நேரம் பல்கலைக்கழக வாசலில் வருவதில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்த சில வாரங்களிலேயே அது முடிந்துவிடுகிறது. எட்டும் தூரத்தில் உள்ள தமிழ்ப் பாடசாலையில் உயிரியலோ கணிதமோ இல்லையென்றால், கெட்டிக்காரப் பிள்ளையும் இருக்கும் பிரிவிலேயே சேர்கிறாள். அன்றே மருத்துவம், பொறியியல், நில அளவை எல்லாம் அவள் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன.

இங்கு மாவட்டக் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். விஞ்ஞானம் போன்ற பிரிவுகளில் அனுமதி 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்பட்டு வந்துள்ளது. அந்த 16இல் இரத்தினபுரியும் ஒன்று. ஒரு மாணவி எந்த மாவட்டத்தவர் என்பதைப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவள் படித்த பாடசாலையே தீர்மானிக்கிறது. விஞ்ஞானம் தேடிக் கொழும்புக்குப் போகும் பிள்ளை, அங்கு படித்த காலத்தைப் பொறுத்துக் கொழும்பு மாவட்டத்தவராகவே கணிக்கப்படலாம். நம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் சலுகை, இங்கேயே விஞ்ஞானம் கற்க முடிந்தால்தான் நம் பிள்ளைக்கு உதவும்.

மருத்துவர்களான எங்களிடம் தாய்மார் கேட்பது ஒன்றே: "டொக்டர் ஆக எவ்வளவு புள்ளி வேணும்?" மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அதே உயிரியல் பிரிவில் தாதியியல், மருந்தாளர் கல்வி, இயன்மருத்துவம், கதிரியல், ஆய்வுகூட விஞ்ஞானம், கால்நடை மருத்துவம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் உண்டு. சட்டத்துக்கு எப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. கலைப்பிரிவு எடுத்தவள் தோற்றவள் அல்லள். ஆசிரியை, நிர்வாக சேவை அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் ஆகும் வழிகள் அவளுக்குண்டு. பணவசதி குறைந்தவருக்கு 1981இல் தொடங்கிய மகாபொல நிதியம் துணை நிற்கிறது.

ஆகவே, சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன், பல துறைகளிலும் உள்ள பழைய மாணவிகள் பிள்ளைகளுடனும் தாய்மாருடனும் அமர்ந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டும். நம் வட்டாரத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் நிலைத்திருக்க நாம் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். நம்மை வளர்த்த பாடசாலைக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி இதுவே.