குழாம்

குழு, குழுமு, குழாம் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். திரள் என்பது பொருள். அடியார் குழாம் பழைய வழக்கு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வாக்காளர் குழாம்: தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் மட்டும், நியமன உறுப்பினருக்கு வாக்கில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவரின் வாக்கு மதிப்பும் 176. தமிழகத்தின் 1971 மக்கள்தொகையை 234ஆல் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் அது. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. ஆவடிப் பக்கம் 1971க்குப் பின் குடியேறியவர்கள் இந்தக் கணக்கில் இல்லைதான். ஆனாலும் மக்களே நேரடியாக வாக்களிக்கட்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த தமிழகத்தின் குரல் அதில் மெலியும். 1971 கணக்கு இப்போது தரும் காப்பும், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு விவரம் வெளியாகும் வரைதான்.