முன்னாடியும் உதைக்கும் துப்பாக்கி

தீபத் திருவிழா சமயத்துல எங்க ஊர் பக்கம் வந்தவங்களுக்கு பலூன் சுடுற கடை தெரிஞ்சிருக்கும். குழலை மடக்கி, சின்னதா ஒரு குண்டு வெச்சு, நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி... டப்! பலூன் மட்டும் அப்படியே இருக்கும் :-)

அந்தத் துப்பாக்கியில வெடிமருந்து கிடையாது. உள்ள ஒரு ஸ்ப்ரிங், ஒரு பிஸ்டன், கொஞ்சம் காத்து, அவ்ளோதான். ஆனா இந்த சாது மேல ஒரு டெலஸ்கோப்பை (இனி ஸ்கோப்) மாட்டுங்க. காட்டெருமை சுடுற ரைஃபிள்ல வருஷக்கணக்கா அசையாம உட்கார்ந்திருந்த அதே ஸ்கோப், இங்க சில நூறு குண்டுக்குள்ள நகர ஆரம்பிக்கும். சமயத்துல உள்ளே லென்ஸே கழண்டுடும். பொட்டி தட்டுறதுக்கு முன்னாடி நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு, இது ஏன்னு குடைஞ்சு பார்த்தேன். கிடைச்சது ஒரு சுவாரசியமான வரலாறு.

ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் புதுசு இல்ல மக்களே. இங்கிலாந்துல லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைச்சதை பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி 1905லயே தயாரிக்க ஆரம்பிச்சாச்சு. ஜெர்மனியில டயானா துப்பாக்கி செய்யற கம்பெனி அதுக்கும் முன்னாடி, 1890ல ஆரம்பிச்சது. ஆனா பல வருஷத்துக்கு இதையெல்லாம் பெரும்பாலும் இரும்புக் குறியை வெச்சுத்தான் சுட்டாங்க. குழலோடயே கெட்டியா இருக்கிற குறி எங்க நகரும்? அதனால பிரச்சினையும் பெருசா இல்ல.

ஸ்கோப் வந்தப்பதான் வினை வந்தது. அதுவும் ரெண்டு கடன் வழியா.

முதல் கடன் ஸ்கோப். அது பெரிய ரைஃபிளுக்காக செஞ்சது. வெடிமருந்து ரைஃபிள் பின்னாடி மட்டும்தான் உதைக்கும், அதனால லென்ஸுக்கு முட்டுக் குடுத்ததும் அந்த ஒரு பக்கத்தை நினைச்சுத்தான். ரெண்டாவது கடன், ஸ்கோப்பை மாட்டுற இடம். துப்பாக்கி உடம்போட மேல்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் கோடு மாதிரி பள்ளம் வெட்டி, அதுல மவுண்ட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்குற முறை. தச்சர்கள் சொல்ற டவ்டெயில்தான். அகலம் சுமார் 3/8 அங்குலம், இல்லேன்னா 11 மி.மீ. இது .22 ரிம்ஃபயர் ரைஃபிள்ல பழகின விஷயம். அதுல உதையே பேருக்குத்தான், வழுக்காம இருக்க தனியா ஒரு தடுப்பு தேவைப்படல. ஒரு திசை உதைக்கு செஞ்ச ஸ்கோப்பை, உதையே இல்லாத துப்பாக்கிக்கு செஞ்ச பள்ளத்துல மாட்டி, ரெண்டு திசையிலும் உதைக்கிற துப்பாக்கி மேல வெச்சா என்ன ஆகும்?

ரெண்டு திசை எப்படின்னு கேக்கறீங்களா? விசையை இழுத்ததும் ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னாடி தள்ளுது. நியூட்டன் தாத்தா சொன்ன மாதிரி துப்பாக்கி பின்னாடி போகுது. இது ஓரளவு நிதானமான தள்ளல். பிஸ்டன் கோடிக்குப் போய்ச் சேர்றப்ப, அங்க நசுங்கின காத்து அதை மெத்தை மாதிரி பிடிச்சு நிறுத்துது, கொஞ்சம் திருப்பியும் அடிக்குது. அந்த நொடியில துப்பாக்கி வெடுக்குன்னு முன்னாடி இழுக்கப்படுது. விஷயமே இந்த இரண்டாவது வெடுக்குலதான் இருக்கு.

செங்கம் ரோட்டுல ஒரு டவுன் பஸ் ரிவர்ஸ் எடுக்குதுன்னு வெச்சுக்கோங்க. மெதுவா நகர்றப்ப நிக்கிறவங்க யாரும் விழ மாட்டாங்க. டிரைவர் திடீர்னு பிரேக் அடிச்சா? எல்லாரும் பின்பக்கமா கண்டக்டர் மேல சாய்வாங்க. பஸ் தான் துப்பாக்கி, ஜனங்க தான் ஸ்கோப். ஸ்ப்ரிங் ரைஃபிள்ல ஸ்கோப் பெரும்பாலும் பின்னாடி, சுடறவர் கண்ணைப் பார்த்து ஊர்றதுக்கு காரணம் இதுதான்.

ஒரு பேச்சுக்கு கணக்கு போடுவோம். ஸ்கோப்பும் மவுண்ட்டும் 400 கிராம், அந்த வெடுக்கு புவியீர்ப்பைப் போல 200 மடங்குன்னா, ஒரு கணம் 80 கிலோ எடை அதை இழுக்குது. ரெண்டு ஸ்க்ரூவோட பிடிப்பும் உராய்வும் மட்டும் இதைத் தாங்கணும். பள்ளத்துல எண்ணெய் இருந்தா உராய்வு பாதியா குறையும், அப்ப இறுக்கம் ரெட்டிப்பா வேணும். அலுமினிய மவுண்ட்டை அந்த அளவு முறுக்கினா மரைதான் போகும்.

இதை முதல்ல உரக்கச் சொன்னவங்கள்ல ராபர்ட் பீமன் முக்கியமானவர். அமெரிக்காவுல பேராசிரியரா இருந்தவர், 1972ல மனைவியோட சேர்ந்து ஏர் ரைஃபிள் வியாபாரம் ஆரம்பிச்சார். ஏர் ரைஃபிளுக்குன்னே ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்த ஸ்கோப்பையும் வித்தார். இங்கிலாந்துல 1980ல ஃபீல்ட் டார்கெட் போட்டி தொடங்குச்சு. வெவ்வேறு தூரத்துல நிக்கிற இரும்பு பொம்மையை ஸ்கோப் வழியா பார்த்து விழ வைக்கணும். ஸ்கோப் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போட்டி போச்சு. அடுத்த வருஷமே ஜெர்மனியின் வைராக் தயாரிப்புல பீமன் ஆர்-1ங்கிற பலசாலி சந்தைக்கு வந்தது. சக்தி ஏற ஏற தலைவலியும் ஏறுச்சு.

தீர்வு கேட்டா சிரிப்பீங்க. ஒரு ஆணி! வைராக் துப்பாக்கி மேல சின்னச் சின்ன குழி இருக்கும். மவுண்ட்டு அடியில இருக்கிற ஸ்டாப் பின்னை அந்தக் குழிக்குள்ள இறக்கிட்டா, நகரணும்னா இரும்பு ஒடியணும். உராய்வை நம்பாம தடுப்பை நம்பறது. மாட்டுவண்டி அச்சாணிக்கு இது தெரிஞ்ச விஷயம்தான்.

டயானாக்காரங்க இதுல கொஞ்சம் சொதப்பினாங்கன்னுதான் சொல்வேன். பழைய மாடல்கள்ல மேல ஒரு பட்டையை தனியா வெச்சு, அதோட பின்கோடியில பெரிய தலை ஸ்க்ரூ ஒண்ணு போட்டிருந்தாங்க. பார்த்தா தடுப்பு மாதிரியே இருக்கும். மவுண்ட்டை அதுல முட்ட வெச்சா ஒருநாள் தலை கத்தரிச்சு விழும். அனுபவசாலிகள் பின்னை பட்டையோட முன் விளிம்புக்கு வெளியில தொங்க விட்டாங்க. பின்னாடி போகப் பார்த்தா விளிம்பு பிடிச்சுக்கும்.

ஒலிம்பிக் பக்கம் வேற பாதை. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 1960கள்லயே துப்பாக்கியோட மேல்பாகம் மொத்தமும் கட்டைக்குள்ள தண்டவாளத்துல வழுக்குற மாதிரி செஞ்சு, உதை தோளுக்கே வராம பண்ணிட்டாங்க. பிறகு அழுத்தக் காத்தை முன்கூட்டியே அடைச்சு வைக்கிற ரகம் வந்து ஸ்ப்ரிங்கையே தூக்கிடுச்சு. 2008ல பெய்ஜிங்ல பிந்த்ரா தங்கம் வாங்கினதும், கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் சுடறதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல. அந்தப் போட்டியில ஸ்கோப்புக்கு அனுமதியே இல்ல!

ஆனா அந்த ரகத் துப்பாக்கி லட்சக்கணக்குல. நம்மூர் ஆளுக்கு கைக்கு எட்டுறது இன்னிக்கும் ஸ்ப்ரிங்தான். சிமெண்ட் குழாய்க்கு பேர் போன இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி (வால்சந்த் ஹீராசந்த் 1926ல ஆரம்பிச்சது) ஏர் ரைஃபிளும் செஞ்சாங்கன்னா நம்புவீங்களா? அந்த மாதிரி துப்பாக்கியில ஸ்கோப் மாட்டிட்டு, குறி தப்பினா குண்டை மாத்தி, கடைசியில தன் கையையே சந்தேகப்பட்டு விட்டுட்டுப் போறவங்கதான் பாவம். திறமை இல்லன்னு முடிவு கட்டினவனுக்கு நிஜத்துல ஒரு பின்தான் இல்ல.

குழி இல்லாத துப்பாக்கின்னா பள்ளத்தை தின்னர் போட்டு எண்ணெய் போகத் துடைங்க. வயலின் வில்லுக்குத் தேய்க்கிற ரோசினைப் பொடி பண்ணி லேசா தடவலாம். ரெண்டு தனி வளையத்துக்கு பதிலா ஒரே நீள மவுண்ட் போட்டா பிடிக்கிற பரப்பு கூடும். அப்புறம் மவுண்ட்டுக்குப் பின்னாடி ஒட்டி ஒயிட்னர்ல ஒரு கோடு போடுங்க. ஐம்பது குண்டு கழிச்சுப் பாருங்க. மவுண்ட் கோட்டை மிதிச்சிருந்தா குத்தம் உங்க மேல இல்ல.

டிஸ்கி: 2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலுக்கு மேல சக்தி இருந்தாலோ, குழல் 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேணும். அட்டையைச் சுடுங்க, தகர டப்பாவைச் சுடுங்க. மலைப் பக்கம் போய் மயிலு, கவுதாரின்னு குறி பார்த்தா 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, ஜாக்கிரதை!