வெற்றிச் செய்தியின் பின்னால்



தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்கள் கையெழுத்து ஏடு நடத்துவது பழைய வழக்கம். 1950களில் தமிழ் முரசு நாளிதழும் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் தொடங்கி, பிள்ளைகளின் எழுத்துக்கு இடமளித்தது. கதையும் கவிதையும் எழுதப் பழகும் பிள்ளைகள் தேர்தலைப் பற்றியும் எழுதப் பழக வேண்டாமா? இந்நாட்டின் முதல் பொதுத் தேர்தலையே அதற்குப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அத்தேர்தல் 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நடைபெற்றது. அன்றைய கூட்டரசு சட்டமன்றத்தின் உறுப்பினர்கள் 98 பேர். அவர்களில் 52 பேரை மட்டுமே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான கூட்டணி 51 இடங்களில் வென்றது. எஞ்சிய ஓர் இடம் பாஸ் கட்சிக்குப் போயிற்று. ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் வடக்கு கிந்தா தொகுதியில் வெற்றி பெற்றார்.

கூட்டணி எப்படிப் பிரசாரம் செய்தது? அதன் சின்னம் பாய்மரக் கப்பல். எழுத்தறியாதவரும் சின்னத்தைக் கண்டு வாக்களிக்கலாம் அல்லவா? நான்கு ஆண்டுகளில் சுதந்திரம் பெற்றுத் தருவோம் என்பது அதன் வாக்குறுதி. இளம் நிருபர் இங்கே முதல் பாடத்தைக் கற்க வேண்டும். மேடையில் சொல்லப்பட்டது வாக்குறுதியே. அது இன்னும் நடந்துவிட்ட செய்தி அன்று. ஆகையால் யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்று குறித்து வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுதந்திரம் 1957 ஆகஸ்ட் 31ஆம் நாளே வந்தது. நான்கு ஆண்டு என்றது இரண்டே ஆண்டில் நிறைவேறியது. இதையும் எழுதுவதுதான் நேர்மை.

இரண்டாம் பாடம் இன்னும் முக்கியமானது. 52இல் 51 என்றவுடன் நாடே ஒருமுகமாக வாக்களித்தது என்று எழுதத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் யார்? மொத்தம் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. மக்கள் தொகையிலோ இந்தியர் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். பட்டியலில் பெயரும் பதிந்திருக்க வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போய், மரம் சீவிப் பால் எடுத்த நம் முன்னோரில் பலருக்குக் குடியுரிமை இல்லை. பிற்காலத்திலும் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து முடித்தவர்கள் நம் லயங்களில் உண்டு. அவர்கள் தோற்றவர்களுமல்லர், வென்றவர்களுமல்லர்; அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. வெற்றிச் செய்தியில் அவர்களைக் காண முடியாது. பட்டியலைத் தேடிப் பார்க்கும் நிருபரே அவர்களைக் காண்பார்.

சுதந்திரத்தோடு குடியுரிமை பெறும் வழி விரிந்தது. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 21 லட்சத்தைத் தாண்டியது. அப்போது கூட்டணிக்குக் கிடைத்தவை 104இல் 74 இடங்கள்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். நம் நெகிரி செம்பிலானிலேயே, சிரம்பானை அடுத்த ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் 2018 ஏப்ரல் 28ஆம் நாள் வேட்புமனுத் தாக்கல் நடந்தது. மந்திரி புசாராக இருந்த முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார் என்பது அன்றைய செய்தி. போட்டி ஏன் இல்லை? மனுவோடு வந்த டாக்டர் ஸ்ரீராம், நுழைவு அட்டை இல்லை என்று வாயிலிலேயே தடுக்கப்பட்டிருந்தார். அவர் வழக்குத் தொடுத்தார். அந்த வெற்றி செல்லாது என்று அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தபோது, முகமட் ஹசானே 4,510 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். வென்றவர் மாறவில்லைதான், ஆனால் இம்முறை அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ரந்தாவ் மக்கள்.

மாணவர்களே, தேர்தலைப் பற்றி எழுதும்போது வென்றவர் யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வாக்களிக்க முடிந்தவர் யார், முடியாதவர் யார், களத்துக்கே வர முடியாமற்போனவர் யார் என்றும் கேளுங்கள். ஒரு கட்சிக்காரர் சொன்னால் மறு கட்சிக்காரரையும் கேளுங்கள். சொன்னவர் பெயரோடு எழுதுங்கள்.

பெற்றோர்களே, 2021 டிசம்பர் முதல், 18 வயது நிரம்பிய குடிமகன் பெயர் தானாகவே பட்டியலில் சேர்கிறது. உங்கள் பாட்டனாருக்குக் கிட்டாதது உங்கள் பிள்ளையைத் தேடி வருகிறது. இன்றிரவு வீட்டுப் பெரியவர்களிடம், “தாத்தா, நீங்கள் முதன்முதலில் வாக்களித்தது எப்போது?” என்று உங்கள் பிள்ளை கேட்கட்டும். அந்தப் பதிலே அவன் எழுதும் முதல் தேர்தல் செய்தியாகட்டும்.