மலையேறும் பூட்ஸின் கதை: ஆணியிலிருந்து ரப்பருக்கு

2024 செப்டம்பரில் எவரெஸ்டின் வடக்குப் பக்கம் உள்ள ரோங்புக் பனியாற்றில் ஒரு பழைய தோல் பூட்ஸ் வெளியே வந்தது. பனி உருக உருக அது மேலே எழும்பியிருந்தது. அடியில் இரும்பு ஆணிகள். உள்ளே ஒரு கால், காலில் ஒரு சாக்ஸ். சாக்ஸில் தைத்திருந்த சின்னத் துணிப்பட்டையில் 'ஏ.சி. இர்வின்' என்ற பெயர்!

1924 ஜூன் 8 அன்று ஜார்ஜ் மலோரியோடு உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத ஆண்ட்ரூ இர்வினின் கால் அது. அப்போது அவருக்கு வயது 22. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த மாணவர். பிறகு நடந்த டி.என்.ஏ. சோதனையும் அவர்தான் என்று உறுதி செய்தது. இருவரும் உச்சியைத் தொட்டார்களா இல்லையா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் எதைப் போட்டுக்கொண்டு போனார்கள் என்பதற்கு மட்டும் சாட்சி கிடைத்துவிட்டது. தோலும் ஆணியும்தான்!

இன்று கடைக்குப் போனால் மலையேற்றத்துக்கென்றே வரிசையாக பூட்ஸ் அடுக்கியிருக்கிறார்கள். 'வாட்டர்புரூஃப்', 'நீண்ட நாள் உழைக்கும்', 'எந்தப் பாறையிலும் வழுக்காது' என்று அட்டையில் எழுதியிருக்கிறது. இந்த ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் தன் விரலையோ உயிரையோ கொடுத்திருக்கிறார். அந்தக் கதை தெரிந்தால் அட்டையில் உள்ளதை எப்படிப் படிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

புல் அடைத்த செருப்பு

கதை ரொம்பப் பழையது. 1991-ல் ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் பனிக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. சுமார் 5300 வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர். 'ஓட்ஸி' என்று பெயர் வைத்தார்கள். அவருடைய காலணியில் அடிப்பாகம் கரடித்தோல், மேல்பாகம் மான்தோல். உள்ளே மரப்பட்டை நாரில் பின்னிய ஒரு வலை, அந்த வலைக்கும் தோலுக்கும் நடுவில் காய்ந்த புல். புல் எதற்கு? குளிர் தாக்காமல் இருக்க. அடியில் குறுக்காக ஒரு தோல் வார். அது எதற்கு? வழுக்காமல் இருக்க.

ஆக, பிடிமானம், கதகதப்பு, ஈரம் என்ற மூன்று பிரச்சினைகளும் அன்றே இருந்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் இதே மூன்றோடுதான் மல்லுக்கட்டினார்கள். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், ஒன்றைச் சரி செய்யப் போனால் இன்னொன்று கெட்டுப்போகும்!

ஆணியின் காலம்

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஆல்ப்ஸ் மலைகளில் ஏற ஆரம்பித்தபோது, அங்கிருந்த விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் போட்டிருந்த பூட்ஸைத்தான் அவர்களும் போட்டார்கள். கனத்த தோல், அடியில் வரிசையாக குமிழ் ஆணிகள். ஈரப் புல்லிலும் சேற்றிலும் இறுகிய பனியிலும் ஆணி நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் இறங்காமல் இருக்க தோலில் கொழுப்பும் மெழுகும் தேய்ப்பார்கள்.

ஆனால் ஆணியிடம் இரண்டு குறை. வழவழப்பான பாறையில் சறுக்கும். அதைவிட மோசம், இரும்பு குளிரைக் கடத்தும். பனிமேல் நிற்கும் ஒவ்வொரு ஆணியும் காலின் சூட்டை உறிஞ்சிக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். ஆல்ப்ஸில் அதைச் சமாளிக்கலாம். 8000 மீட்டருக்கு மேல், ஆக்ஸிஜன் குறைந்து ரத்த ஓட்டமும் மந்தமாகும் இடத்தில், அது பனிக்கடியில் கொண்டுபோய் விடும். அதாவது விரல்களில் ரத்தம் ஓடாமல் உறைந்து, கருகி, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டிவரும்.

செங்குத்தான பாறையில் ஆணி உதவாது என்பதால் இத்தாலிய மலையேறிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பாறை ஆரம்பிக்கும் இடம் வரை ஆணி பூட்ஸில் நடப்பார்கள். அங்கே அதைக் கழற்றிவிட்டு, கம்பளி ஒட்டிய மெல்லிய அடி உள்ள லேசான காலணிக்கு மாறிக்கொள்வார்கள். வெயில் அடிக்கும் நாளில் பிரமாதமான ஏற்பாடு. வானம் மாறினால்?

1935: ஆறு பேர்

1935 செப்டம்பரில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மிலான் நகரைச் சேர்ந்த விட்டாலே பிரமானி என்ற மலையேறி, நண்பர்கள் கூட்டம் ஒன்றோடு இத்தாலி-சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள புன்டா ராஸிகா என்ற சிகரத்துக்குப் போனார். மேலே இருந்தபோது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பாறைமேல் பனி படிந்து உறைந்தது. காலில் இருந்ததோ லேசான காலணி. அது பனியில் பிடிக்கவும் இல்லை, குளிரைத் தடுக்கவும் இல்லை. வேகமாக இறங்கித் தப்பிக்க வழியே இல்லாமல் போயிற்று. அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் குளிரிலேயே இறந்து போனார்கள்.

பிரமானி உயிரோடு திரும்பினார். 'வானிலை மோசம், விதி' என்று சொல்லிவிட்டு அவர் இருந்திருக்கலாம். அவர் காலணியைப் பார்த்தார். பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வைத்திருப்பதுதான் கோளாறு என்று அவருக்குப் பட்டது. இரண்டிலும் நிற்கிற மாதிரி ஒரே சோல் வேண்டும். டயர் செய்யும் பிரெல்லி நிறுவனத்தின் உதவியோடு, வல்கனைஸ் செய்த ரப்பரில் ஆழமான பள்ளங்கள் வைத்து ஒரு சோலை உருவாக்கினார். 1937-ல் அது வெளிவந்தது. பீரங்கி வண்டியின் சக்கரப் பட்டை போல இருந்ததால் அந்த வடிவத்துக்கு 'கரார்மாட்டோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் பீரங்கி வண்டி என்று அர்த்தம். அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் குடும்பப் பெயரின் ஆரம்பத்தையும் சேர்த்தால் நிறுவனத்தின் பெயர்: விப்ரம்!

ரப்பர் குளிரைக் கடத்தாது, பாறையில் கவ்விப் பிடிக்கும், பள்ளங்கள் சேற்றிலும் இளகிய பனியிலும் பதியும். வழுக்குப் பனியில் மட்டும் அதுவும் தோற்கும். அதற்கு இரும்புப் பற்கள் கொண்ட கிராம்பானைத் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அதைத் தேவைப்படும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். ஆணியைப் போல நாள் முழுக்க காலைக் குளிர வைக்காது. இன்று எந்தக் கம்பெனி பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் தெரிவது அந்த 1935 புயலுக்குப் பிறகு பிறந்த யோசனைதான்.

இலவம்பஞ்சு ஏறிய எவரெஸ்ட்

பிடிமானம் ஒருவாறு தீர்ந்தது. குளிர் தீரவில்லை. 1950 ஜூன் 3 அன்று பிரான்ஸ் நாட்டின் மோரிஸ் எர்சோகும் லூயி லாஷெனாலும் அன்னபூர்ணா உச்சியை அடைந்தார்கள். மனிதர்கள் ஏறிய முதல் 8000 மீட்டர் சிகரம் அது. மேலே போகும்போதே காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது என்று லாஷெனாலுக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்தபோது இருவருமே எல்லாக் கால்விரல்களையும் இழந்தார்கள். எர்சோக் கைவிரல்களையும் பெரும்பாலும் இழந்தார். லாஷெனாலின் தொழிலே மலை வழிகாட்டுவது. கால்தான் அவருக்கு மூலதனம்!

மூன்று வருடம் கழித்து எவரெஸ்டுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் குழு இதை மறக்கவில்லை. காலணித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிறுவனமான சாட்ராவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர்கள் செய்த உயர்மலை பூட்ஸில் மெல்லிய தோலுக்கு உள்ளே கனமாக அடைத்திருந்தது என்ன தெரியுமா? கபோக்! நம் ஊரில் தலையணைக்கு அடைக்கிற அதே இலவம்பஞ்சு. அது லேசானது, காற்றைப் பிடித்து வைக்கும். ஆனால் கால் வியர்த்து பஞ்சு நனைந்தால் கதகதப்பு போய்விடும். அதனால் பஞ்சுக்கு உள்பக்கமாக நீர் புகாத ஒரு தடுப்பு வைத்தார்கள்.

இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஈரம் வெளியே இருந்து மட்டும் வருவதில்லை, காலிலிருந்தும் வருகிறது. அப்படியும் மே 29 காலையில் எட்மண்ட் ஹிலாரி கண் விழித்தபோது, இரவு கழற்றி வைத்த அவருடைய பூட்ஸ் கல் மாதிரி உறைந்து கிடந்தது. ஸ்டவ்வில் காட்டி அதை இளக்கிய பிறகுதான் கிளம்ப முடிந்தது. டென்சிங் தன் பூட்ஸைக் கழற்றாமலே தூங்கியிருந்தார்!

கே2: யாருக்கு எந்த பூட்ஸ்?

1954 ஜூலை 31 அன்று இத்தாலியக் குழுவைச் சேர்ந்த அகிலே கொம்பஞோனியும் லினோ லாசெடெல்லியும் கே2 உச்சியை அடைந்தார்கள். அவர்கள் காலில் விப்ரம் சோல். பிரமானியின் ரப்பருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறு கிடைத்திருக்காது.

அதே மலையில் முந்தைய இரவு நடந்தது வேறு கதை. உச்சிக்குப் போகிறவர்களுக்கான ஆக்ஸிஜன் சிலிண்டர்களை வால்டர் பொனாட்டியும், ஹுன்ஸாவைச் சேர்ந்த சுமைதூக்கி அமீர் மஹ்தியும் சுமந்து கொண்டுபோனார்கள். பேசி வைத்த இடத்தில் கூடாரம் இல்லை. இருட்டிவிட்டது. ஏறத்தாழ 8100 மீட்டர் உயரத்தில், கூடாரமோ தூங்கும் பையோ இல்லாமல், பனியில் ஒரு குழி வெட்டி இருவரும் அந்த இரவைக் கழித்தார்கள். பொனாட்டி அதிகக் காயமின்றித் தப்பினார். மஹ்தி எல்லாக் கால்விரல்களையும் இழந்தார்.

ஏன் இந்த வித்தியாசம்? 2014-ல் பி.பி.சி. வெளியிட்ட கட்டுரை ஒரு காரணத்தைச் சொல்கிறது. இத்தாலியர்களிடம் உயர்மலைக்கென்று செய்த பூட்ஸ் இருந்தது. மஹ்திக்குக் கிடைத்ததோ சாதாரண ராணுவ பூட்ஸ். அதுவும் அவர் காலுக்கு இரண்டு சைஸ் சின்னது! இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸில் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத விரலை எந்தத் தோலும் எந்தப் பஞ்சும் காப்பாற்றாது.

உலகத்தின் சிறந்த தொழில்நுட்பம் அந்த முகாமிலேயே இருந்தது. அவர் காலுக்கு அது வரவில்லை. உச்சிக்கு ஏறிய இருவர் பெயரும் புத்தகங்களில் இருக்கிறது. சிலிண்டரைச் சுமந்தவர் 1999-ல் காலமானபோது அவரை அறிந்தவர்கள் குறைவு.

தண்ணீர் வரக்கூடாது, வியர்வை போக வேண்டும்

ஈரப் பிரச்சினையில் அடுத்த திருப்பம் 1969-ல். அமெரிக்காவில் பாப் கோர், டெஃப்ளான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் கொண்ட சவ்வாக மாறியது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவுக்குச் சின்னத் துளை, ஆனால் வியர்வை ஆவி வெளியேறும் அளவுக்குப் பெரிய துளை. இதுதான் கோர்டெக்ஸ். 1976-ல் விற்பனைக்கு வந்தது. 1970-களின் கடைசியில் டேனர் நிறுவனம் இதை நடைப்பயண பூட்ஸுக்குள் வைத்தது.

எல்லாம் தீர்ந்ததா? இல்லை. சவ்வு கிழிந்தால் ஒட்ட முடியாது. வெளித்தோல் ஊறிவிட்டால் ஆவி வெளியேறுவதும் குறையும். மேல் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால், வெளியே விடாமல் அதே சவ்வு தேக்கி வைத்துக்கொள்ளும்! இந்த வகைப் பொருள்களின் தயாரிப்பில் பயன்பட்ட ஃப்ளூரின் ரசாயனங்கள் சுற்றுச்சூழலில் அழியாமல் தங்குகின்றன என்ற கவலையும் வந்தது. 2022 முதல் கோர் நிறுவனம் ஃப்ளூரின் இல்லாத புதிய சவ்வையும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

உழைப்பு விஷயத்திலும் இதே கதைதான். பழைய முறையில் மேல்தோலை ஒரு தோல் பட்டையோடு தைத்து, பட்டையோடு சோலைச் சேர்ப்பார்கள். தேய்ந்தால் சோலை மட்டும் மாற்றலாம். ஆனால் கனம் அதிகம். இன்று பெரும்பாலும் ஒட்டுகிறார்கள். லேசாக இருக்கிறது. ஆனால் நடுவில் வைக்கும் பாலியூரித்தேன் நுரை, காற்றின் ஈரத்தால் வருடக்கணக்கில் சிதைந்து, போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் ஒருநாள் பொடிப்பொடியாக உதிரும். 'எப்போதாவது போட்டுக்கொள்ளலாம்' என்று வாங்கிப் பூட்டி வைப்பதில் லாபம் இல்லை!

கடைசியாக...

இந்த நூறு வருடக் கதையை வைத்துப் பார்த்தால், பூட்ஸ் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசையே மாறிவிடுகிறது. பலரும் முதலில் கேட்பது 'வாட்டர்புரூஃபா?' என்று. அது மூன்றாவது கேள்வி.

முதல் கேள்வி, என் காலுக்குச் சரியாக இருக்கிறதா? தடித்த சாக்ஸ் போட்டு, நடந்து நடந்து கால் சற்று வீங்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் இறங்கினால் விரல் முன்னால் இடிக்கக்கூடாது, உள்ளே விரல்கள் அசைய வேண்டும். இரண்டாவது, நான் போகிற தரையில் இந்த சோல் நிற்குமா? மூன்றாவதுதான் தண்ணீர். பனியும் குளிர்ந்த சேறும் உள்ள இடம் என்றால் சவ்வு அவசியம். ஆற்றில் இறங்கி ஏற வேண்டிய வெப்பப் பகுதிகளில் சீக்கிரம் காயும் பூட்ஸே மேல். நான்காவது, தேய்ந்தால் சோலை மாற்ற முடியுமா? விலை அதற்குப் பிறகு.

இன்னொன்றும் உண்டு. மலைக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் தங்கள் காலை மட்டும் பார்த்தால் போதாது. கூடவே மூட்டை சுமந்து வருபவரின் காலில் என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். கே2-வில் யாராவது அப்படிக் குனிந்து பார்த்திருந்தால், அமீர் மஹ்தி பத்து விரலோடு வீடு திரும்பியிருக்கக்கூடும்.