தண்டுவடக் காயமும் செவிலியர் பணியும்: வேலூரிலிருந்து வல்லத்திராக்கோட்டை வரை

மூளையோ தண்டுவடமோ சேதமுற்று, கைகால் அசைவையும் பேச்சையும் விழுங்கும் திறனையும் மலசலக் கட்டுப்பாட்டையும் இழந்த ஒருவரை, அவரிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கொண்டே அன்றாட வாழ்வை மீண்டும் நடத்தப் பழக்குவது நரம்பியல் மறுவாழ்வுச் செவிலியம் எனப்படும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கிவிட்டது. செவிலியரைப் பதிவு செய்யும் சட்டமும் 1926இல் வந்துவிட்டது. ஆயினும் இந்தப் பிரிவு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே உருப்பெற்றது. தண்டுவடம் முறிந்தவர்களுள் பெரும்பாலோர் அதுவரை படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோயினர் என்பதால், மறுவாழ்வு என்னும் கேள்விக்கே இடமில்லாதிருந்தது.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் லுட்விக் குட்மன் தொடங்கிய தண்டுவடக் காயப் பிரிவு இந்நிலையை மாற்றியது. உணர்ச்சியற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தோலுக்கு இரத்தம் செல்லாமல் அது அழுகிவிடும் என்பதால், நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அங்கே கண்டிப்பான விதியாயிற்று. குட்மனின் பெயரே வரலாற்றில் நிற்கிறது. ஆனால் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அந்த விதியை நடைமுறையாக்கியவை செவிலியர், பணியாளர் ஆகியோரின் கைகள் என்பதையும் அதனோடு சேர்த்தே எழுதவேண்டும்.

தமிழகத்தில் நரம்பியல் அறுவை மருத்துவம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டியாலும், சென்னையில் 1950இல் பி. ராமமூர்த்தியாலும் நிலைபெற்றது. அறுவையில் உயிர் பிழைத்தவர் அதன்பின் எவ்வாறு வாழ்வது என்னும் கேள்விக்கு வேலூரிலேயே விடை தேடப்பட்டது. அங்கே மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தொன்றில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963இல் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் அங்கே உள்நோயாளிகளுக்கென ஒரு மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது.

இத்தகைய நிலையங்களில் செவிலியரின் வேலை தலைகீழாக மாறியது எனலாம். பொது வார்டில் நோயாளிக்கு வேண்டியதைத் தாமே செய்து முடிப்பது நல்ல செவிலியருக்கு அடையாளம். மறுவாழ்வு வார்டிலோ, நோயாளி சட்டைப் பொத்தானோடு கால்மணி நேரம் போராடுகையில், கைநீட்டிப் போட்டுவிடாமல் அருகே காத்திருப்பதே பணியாகிறது. பிசியோதெரபி நிபுணர் பகலில் ஒரு மணி நேரம் கற்பித்ததை எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரமும் பழக்கமாக்கித் தருபவரும் செவிலியரே.

உடனிருப்பவருக்கும் செவிலியரே ஆசிரியர். பக்கவாதம் கண்டவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பதையும், விழுங்கும் திறனைச் சோதித்தறியும் முன் கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும் என்பதையும், குறித்த இடைவெளியில் மெல்லிய குழாயைச் செருகிச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே அகற்றும் முறையையும் மனைவியோ மகனோ கற்றுக்கொண்ட பிறகே வீடு திரும்புவது பாதுகாப்பானது. நடுமார்பு மட்டத்திலோ அதற்கு உயரேயோ தண்டுவடம் முறிந்தவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி அடைத்துக்கொண்டால், இரத்த அழுத்தம் திடீரென ஏறி மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வியர்வையும் உண்டாகும். தலைவலி என்றால் படுக்க வைப்பது வீட்டு வழக்கம். இங்கே அதற்கு நேர்மாறாக, அவரை உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். இந்த ஒன்றை அறிந்த குடும்பமும் அறியாத குடும்பமும் வேறுவேறு முடிவைச் சந்திக்கக்கூடும்.

இந்த அறிவு பெருநகர மருத்துவமனைகளைத் தாண்டிப் பரவியது மெதுவாகவே. கழுத்துத் தண்டுவடக் காயமுற்ற எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கம் ஊரகத்தில் எழுந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அரசுத் தரப்பில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையையும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் திறக்கப்பட்டதால் முதலுதவிக்கும் தீவிர சிகிச்சைக்கும் உள்ள தொலைவு குறைந்தது. ஆனால் தென்னையிலிருந்து விழுந்தோ, பக்கவாதம் வந்தோ படுத்தவர் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊருக்குத் திரும்பும்போதுதான் மறுவாழ்வின் நீண்ட பகுதி தொடங்குகிறது. வார்டின் சமதளத் தரையில் கற்ற சக்கர நாற்காலி ஓட்டம் உயர்ந்த நிலைப்படியில் தடைபடும். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் இடுப்பெலும்பு அழுந்தும். ஆகவே வீட்டுக்கு வரும் செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், நோயாளியைப் புரட்டி முதுகடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா எனப் பார்க்கவும், கட்டிலுக்குப் பலகை போடவும், நிலைப்படிக்குச் சரிவுப்பாதை அமைக்கவும் வீட்டாரிடம் சொல்லவும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஊரகச் செவிலியரின் பாடத்திட்டத்தில் இன்று முதலில் விரிவாக்கப்பட வேண்டிய பகுதி இதுவே.