நாஷ்வில் வானொலியும் ஒரு மௌத் ஆர்கன் வித்துவானும்

அமெரிக்காவின் டென்னஸீ மாகாணத்துத் தலைநகராகிய நாஷ்வில்லில், 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தன் சொந்தக் கட்டடத்திலேயே வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கியபோது, கிராமிய சங்கீதத்தை ரக்ஷிக்க வேண்டும் என்ற உத்தேசம் அதற்குச் சிறிதும் இருக்கவில்லை. லட்சோப லட்சம் மக்களைக் காக்கிறோம் என்ற தன் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துக்களைக் கொண்டே, அது நிலையத்துக்கு டபிள்யூ.எஸ்.எம். என்று நாமகரணம் செய்தது. வீடு வீடாகச் சென்று பாலிஸி விற்ற அதன் ஏஜெண்டுகளுக்கு, நிலையம் ஒலிபரப்பிய சனிக்கிழமை இரவுக் கச்சேரியின் பெயரைச் சொன்னால் குடியானவர் வீட்டுக் கதவு திறந்தது.

அக்கச்சேரிக்கு வித்திட்டவர் சிகாகோவிலிருந்து வந்த ஜார்ஜ் ஹே. அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் தேதி இரவு, அங்கிள் ஜிம்மி தாம்ஸன் என்ற 77 வயதுப் பிடில்காரரை அவர் மைக்கின் முன் அமர்த்தினார். தங்கள் ஊரைத் தென்னாட்டு ஏதென்ஸ் என்று கொண்டாடிய கனவான்களுக்கு இந்தப் பட்டிக்காட்டுப் பாட்டு அவமானமாகப் பட்டது. ஜனங்களோ அதைத்தான் விரும்பினார்கள்.

1927-இல் ஓர் இரவு, நியூயார்க்கிலிருந்து வந்த சாஸ்திரீய சங்கீத நிகழ்ச்சி முடிந்த கையோடு, டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின இளைஞர், பான் அமெரிக்கன் ரயில் வண்டி கூவி விரைந்து மறையும் ஓசையனைத்தையும் சிறிய மௌத் ஆர்கன் ஒன்றிலே எழுப்பினார். அடிமையாக இருந்தவரின் பேரர்; பால்யத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு வளர்ச்சி குன்றியவர். அவர் வாசித்து முடித்ததும், இதுவரை ஆப்பெரா கேட்டோம், இனிக் கேட்கப் போவது கிராண்ட் ஓல் ஆப்ரி என்று ஹே அறிவித்தார். அப்பெயரே இன்றளவும் நிலைத்திருக்கிறது.

1932-இல் 878 அடி உயரக் கோபுரமும் 50,000 வாட் சக்தியும் கிடைத்தபின், இரவு நேரங்களில் நிலையத்தின் குரல் பல மாகாணங்களைத் தாண்டியது. கன்ட்ரி பாடகர் ராய் அகஃப் புகழ் பெறுமுன், அவருடைய சுற்றுப்பயணக் கச்சேரிகளுக்குக் கூட்டம் சேர்த்தவர் பெய்லியே. ஆயினும், சக கலைஞர்கள் தங்கிய ஹோட்டல்களில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1941-இல் பாட்டுரிமைச் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டண விஷயமாக மூண்ட சச்சரவில், அவர் வாசித்துப் பிரசித்தி பெற்ற உருப்படிகள் ஒலிபரப்புக்கு ஆகாதவையாயின. நிலையம் அவரை நீக்கிவிட்டது. புதிய உருப்படிகளை அவர் கற்கவில்லை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பதினைந்து வருஷம் ஒரு நிலையத்தின் கீர்த்தியை வளர்த்த கலைஞனுக்கு, வழக்கு தீரும்வரை சோறு போடுவது அந்தக் கம்பெனிக்குப் பெரிய பாரமல்ல. அவர் அதே ஊரில் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் கடை வைத்துப் பிழைத்து, 1982-இல் காலமானார்.

கன்ட்ரி சங்கீதத்தின் கீர்த்தி மண்டபத்தில் அகஃபின் பெயர் 1962-லும், ஹேயின் பெயர் 1966-லும் பொறிக்கப்பட்டன. பெய்லியின் பெயர் ஏறியது 2005-இல்.